மைக்கம்மாவின் தொண்டை

ஆபரேஷன் முடிந்து தங்கையை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று அண்ணன் செய்த முதல் காரியம், வீட்டிலிருந்த எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துச் சட்டம் போட்டது. எல்லோரும் என்றால் அண்ணன், அண்ணி, மைக்கம்மா என்று மூன்றே பேர்.

"இன்னையிலேர்ந்து ரெண்டு வாரம் பாப்பாகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது. கேள்வி கேட்டாத்தானே பதில் வரும்? கேக்கலேன்னா வராது."

"யாரும்னா யாரு? நான்தானே?" என்றாள் அண்ணி. "அதை நேரா என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே. ஏன் சுத்தி வளைக்கிறீங்க?"

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. அண்ணன் வாயில் மட்டும்தான் பாப்பா. அண்ணி 'மைக்கு' என்பாள். ஊருக்கு அவள் மைக்கம்மா. கல்யாணம் என்று ஒன்று இரண்டு முறை பேச்சோடு வந்து பேச்சோடு போனது. அதன் பிறகு அண்ணன் வீடுதான் அவள் வீடு.

பன்னிரண்டு பிளாட்பாரம் உள்ள பேருந்து நிலையத்தில் இருபத்தேழு வருஷமாக அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். பள்ளிப்படிப்பு முடித்த கையோடு டிக்கெட் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒருநாள் அறிவிப்பாளர் வரவில்லை. "நீ கொஞ்சம் படிச்சு விடும்மா" என்று யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்த மைக்கை அவர்கள் திரும்ப வாங்கவே இல்லை.

அவள் சொல்வதில் ஒரு முறை இருந்தது. முதலில் வண்டி எண். பிறகு பிளாட்பாரம். பிறகு நிற்கும் இடங்கள். கடைசியில் பிளாட்பாரத்தை இன்னொரு முறை. யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. ஒரு கையில் பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவளுக்கு முதல் தடவை காதில் விழாது, இரண்டாவது தடவைதான் விழும் என்று அவளே கண்டுபிடித்தது. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பிற்பகல் இரண்டு வரை மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி. இடையில் கிடைக்கும் இடைவெளியில் சாப்பாடு. மெல்லாமல் விழுங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அண்ணனுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். நூல் அளவு விலகினாலும் போடுகிறவனுக்குத் தலைவலி வரும் என்று ஒரே லென்ஸை நாலு முறை அளப்பான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நிலையத்து ஒலிபெருக்கி கடை வரை கேட்கும். அப்போது கடையில் யார் இருந்தாலும் சரி, அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, "கேக்குதா? அது என் தங்கச்சி" என்பான். பழைய வாடிக்கையாளர்கள் அவன் வாயைத் திறக்குமுன்பே, "கேக்குது, கேக்குது, உங்க தங்கச்சி" என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குரல் போன வருஷம் நெஞ்சுச் சளியில் மாட்டிக்கொண்டது. காய்ச்சலோடும் அவள் வேலைக்குப் போனாள். கரகரத்தபோது இன்னும் அழுத்திப் பேசினாள். தொண்டைக்கு மிட்டாய் போல ஒரு மாத்திரையைச் சப்பிக்கொண்டே பத்து மாதம் ஓட்டினாள். ஒருநாள் காலை 'பதினேழு' என்று சொல்ல வாயெடுத்தபோது வெறும் காற்றுதான் வந்தது. குரல் எழும்பும் இடத்தில் கடுகத்தனை சதை வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அதை எடுத்தும்விட்டார்கள். இனி இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழக வேண்டும்.

ஒரு மாதம் விடுப்பு கொடுத்த மேனேஜர் ஒன்றைச் சொல்லித்தான் கொடுத்தார். "திரும்பி வர அன்னைக்கு ஒரு தடவை பேசிக் காட்டணும்மா. மேலேர்ந்து உத்தரவு. குரல் சரியில்லேன்னா பார்சல் அறையில இடம் இருக்கு." பார்சல் அறையும் வேலைதான். ஆனால் அதைக் கேட்டபோது தன் உடம்பிலிருந்து எதையோ கழற்றி அந்த அறையின் மூலையில் வைப்பது போல அவளுக்கு இருந்தது.

அதனால் அண்ணனின் சட்டத்துக்கு அவள் ஆயிரம் முறை தலையாட்டினாள்.

அண்ணன் ஒரு நோட்டுப் போட்டான். காலை ஆறரைக்கு ஆவி. எட்டரைக்குக் கஞ்சி. எத்தனை டம்ளர் வெந்நீர், எத்தனை மணிக்கு மாத்திரை, தலைக்கு எத்தனை தலையணை எல்லாம் அதில் இருந்தன. அவள் கட்டிலருகே ஒரு சைக்கிள் மணியைக் கட்டிவிட்டான். ஒருமுறை அடித்தால் தண்ணீர். இரண்டு முறை அடித்தால் வெந்நீர். மூன்று முறை அடித்தால் அண்ணி.

"மூணு அடிச்சா ஓடி வரதுக்கு நான் என்ன தீயணைப்பு வண்டியா?" என்றாள் அண்ணி. ஆனால் அடித்தால் ஓடித்தான் வந்தாள்.

வந்தும் பேச முடியாதே. சட்டம் சட்டம்தான். ஒரு நாளைக்கு ஒரு மூட்டைப் பேச்சு பேசுகிறவள் வாயை இறுக்கிக்கொண்டு தண்ணீரை வைத்துவிட்டுப் போவாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து, பாத்திரங்களைத் திட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அண்ணன் கடையிலிருந்து வந்தால் செருப்பைக்கூட ஓசைப்படாமல் விடுவான். மைக்கம்மா படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் அவளுக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ யாரும் இல்லாத வீட்டில் கிடப்பது போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வழக்கம் போல விழிப்பு வந்தது. படுத்தபடியே மனதுக்குள் அன்றைய வண்டிகளை ஓட்டிப் பார்த்தாள். ஆறு ஐந்துக்குப் பதினேழு, மருத்துவமனை வழி. ஆறு எட்டுக்கு நாற்பத்திரண்டு, துறைமுகம். ஆறு பதினொன்றுக்கு...

வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். அதே இடத்தில் வந்து நின்றது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. இருபத்தேழு வருஷமாக அதை அவள் நினைத்துச் சொன்னதே இல்லை. அது நினைப்பில் இல்லை, நாக்கில் இருந்தது. நாக்கைக் கட்டிப்போட்டதும் அதுவும் நழுவிப் போகிறதே. நாளைக்குத் தொண்டை ஆறி, மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, ஆறு பதினொன்றில் திருதிருவென விழித்தால்?

அன்று குளிக்கப் போனபோது தாழ்ப்பாளைப் போட்டாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் கொட்டும் இரைச்சலில், உதட்டை அசைத்து, சத்தமே வராமல் வெறும் காற்றில் சொன்னாள். பதினேழு. நாற்பத்திரண்டு. ஆறு பதினொன்றுக்கு எட்டு, சிமெண்ட் ஆலை வழி, மூன்றாவது பிளாட்பாரம். வந்துவிட்டது! கண்ணில் நீர் முட்டியது. பேசக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? இது பேச்சா என்ன? குரலே இல்லை. காற்றுதானே போகிறது, மூச்சு விடுவது போல. பிற்பகல் இரண்டு வரை உள்ள எல்லா வண்டிகளையும் அப்படியே அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

அன்று முதல் தினமும் அதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"ஏங்க, தொட்டி தினமும் காலி," என்றாள் அண்ணி ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "உங்க தங்கச்சி குளிக்கிறாளா, உள்ள யானை எதையாவது கட்டிவச்சுக் குளிப்பாட்டறாளா?"

"வெந்நீர் உடம்புக்கு இதமா இருக்கும். குளிக்கட்டும் விடு," என்றான் அண்ணன். நோட்டிலும் குறித்துக்கொண்டான்: 'குளியல், ஒரு மணி. நல்ல தெம்பு.'

பதினைந்தாம் நாள் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி போனான்.

டாக்டர் அம்மா நடுத்தர வயது, அதிகம் சிரிக்காதவர். மெல்லிய குழாயை உள்ளே விட்டு, பக்கத்திலிருந்த திரையில் வெகுநேரம் பார்த்தார். பிறகு குழாயை எடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பேசினீங்களா?"

மைக்கம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசல டாக்டர்!" என்றான் அண்ணன். "எல்லாம் எழுதி வச்சிருக்கேன். பாருங்க. கேள்விகூடக் கேக்கல நாங்க. வீட்டுல யாருமே பேசறதில்ல."

டாக்டர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இந்த அளவுக்கு யாரும் பாத்துக்க மாட்டாங்க," என்றார். அண்ணனின் முகம் மலர்ந்தது. "ஆனா தொண்டை வேற சொல்லுதே. ஆபரேஷன் பண்ணின இடம் ஆறவே இல்ல. சிவந்து வீங்கியிருக்கு." அவள் பக்கம் திரும்பினார். "குரல் இல்லாம, கிசுகிசுன்னு ஏதாவது?"

அண்ணன் "அதெல்லாம்..." என்று ஆரம்பித்துத் தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் கையை நீட்டினாள். டாக்டர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். அவள் எழுதினாள்: 'தினமும் ஒரு மணி நேரம். குளிக்கிற அறையில். பஸ் நேரம் மறந்துடக் கூடாதுன்னு.'

டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி அண்ணனிடம் காட்டவில்லை. ஆனால் அவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"சத்தம் வரலேன்னா தொண்டைக்கு ஓய்வுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க," என்றார் டாக்டர். "அப்படி இல்லம்மா. கிசுகிசுக்கும்போது அந்த இடத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடுவுல காத்தைத் தள்ளறீங்க. மெதுவாப் பேசறதைவிட அது சிரமம். ஆறிட்டு வர புண்ணைத் தினம் ஒரு மணி நேரம் தேச்சிருக்கீங்க. இனிமே கிசுகிசுப்பும் பேச்சுதான். இன்னும் மூணு வாரம். இப்பவும் கவனிக்காம விட்டுட்டா தழும்பு நின்னுடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கிளம்பும்போது அண்ணனைக் கூப்பிட்டார். "பேசக் கூடாதுன்னு சொன்னது அவங்களுக்கு. வீட்டுல எல்லாருக்கும் இல்ல. நீங்க எல்லாரும் வாயை மூடிட்டா அவங்க எங்க போவாங்க? குளிக்கிற அறைக்குத்தான் போவாங்க."

வழியெல்லாம் அண்ணன் வண்டியின் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. நோட்டை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போக நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். ஒலிபெருக்கியில் அவள் இடத்துக்குத் தற்காலிகமாக வந்திருந்த டிக்கெட் கவுண்டர் பெண்ணின் குரல். இளங்குரல், அவசரக் குரல். "பதினேழு, மருத்துவமனை வழி, நாலாவது பிளாட்பாரம்" என்றது அது.

பதினேழு ஒன்பதாவது பிளாட்பாரத்தில் நின்றது. மைக்கம்மாவின் கண்ணெதிரே நின்று உறுமிக்கொண்டிருந்தது. நாலாவதை நோக்கி ஜனம் ஓடியது. காலில் கட்டுப் போட்டு ஊன்றுகோலோடு ஒருவர் ஒன்பதாவதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், எழுந்து நாலாவதை நோக்கித் திரும்பினார்.

அவள் தொண்டை தானாக எழும்பியது. வயிற்றிலிருந்து காற்று கிளம்பிக் கழுத்து வரை வந்துவிட்டது. அண்ணன் அதைப் பார்த்தான். "பாப்பா..." என்றான். அந்த ஒரு சொல்லில் அவ்வளவு பயம். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவன் சட்டைக்குள்ளிருந்து நோட்டைப் பிடுங்கினாள், பேனாவைப் பிடுங்கினாள், அறிவிப்பு அறையின் ஐந்து படிகளையும் ஏறி, எழுதிக் கிழித்த தாளைச் சன்னல் வழியாக நீட்டினாள். 'பதினேழு இப்போ ஒன்பது. எட்டு வந்தா மூணு. அடுத்தது முப்பத்தொண்ணு, சந்தை வழி, ஏழு.'

அந்தப் பெண் வாசித்தாள், திருத்தினாள். ஊன்றுகோல்காரர் நின்று, திட்டிக்கொண்டே திரும்பினார். அவர் ஏறும் வரை வண்டி நின்றது.

"அக்கா, நீங்க எப்படி அக்கா இத்தனை வருஷம்!" என்றாள் அந்தப் பெண் மைக்கை அணைத்துவிட்டு. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. "ரெண்டு வாரத்துலயே எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது."

மைக்கம்மா மேஜையைப் பார்த்தாள். தண்ணீர்ப் பாட்டிலே இல்லை. 'தண்ணி எங்க?' என்று எழுதினாள்.

"தண்ணி குடிச்சா எழுந்து போகணுமேக்கா. யாரு உக்காருவா? நீங்களும் குடிக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே."

ஆமாம், அவளும் குடித்ததில்லை. காலையில் வீட்டில் ஒரு டம்ளர். பிறகு இரண்டு மணிக்குத்தான். நாற்காலியை விட்டு எழ நேர்ந்துவிடுமே என்று இருபத்தேழு வருஷம் தாகத்தை அடக்கப் பழகி, கடைசியில் தாகமே எடுக்காமல் போயிருந்தது. அதை ஒரு பெருமையாக வேறு அவள் சொல்லித் திரிந்திருக்கிறாள். மைக்கில் தவறு வந்தால் சகிக்காதவளுக்கு, இது தவறு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். "ஏம் பாப்பா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி..." என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தையைத்தானே சொல்லக் கூடாது என்று வைத்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான். அவள் எழுதினாள்: 'மறந்துடுமோன்னு பயமா இருந்தது. ஆனா அங்க போய் எழுதினப்ப தானா வந்தது. எங்கேயும் போகல.'

"நான் எல்லாத்தையும் எழுதினேன்," என்றான் அவன். "நீ பயந்ததை எழுதல."

அண்ணி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சட்டம் போச்சா, இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள். "போச்சு" என்றான் அண்ணன். அவ்வளவுதான். பதினைந்து நாள் தேக்கி வைத்ததை அண்ணி திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சண்டை, மாவு மில்காரன் செய்த அநியாயம், தன் தம்பி மனைவியின் மூக்கு, எல்லாம் வந்தன. மைக்கம்மாவின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்தாள்.

"சிரிப்புக்கும் தடையாமே?" என்றாள் அண்ணி. "அப்ப நான் சோகமா ஏதாவது சொல்றேன். உன் அண்ணனைக் கட்டிக்கிட்ட கதையைச் சொல்லவா?"

நாலு நாள் கழித்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னார். "ஒண்ணாம் தேதி பேசிக் காட்டிடுங்கம்மா. அதுக்கு மேல என்னால தள்ள முடியாது. அந்தப் பொண்ணை அந்த இடத்துக்கு நிரந்தரமாப் போடச் சொல்றாங்க."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. டாக்டர் சொன்ன மூன்று வாரம் முடிய அதற்கு மேலும் ஐந்து நாள்.

அண்ணன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். "சும்மா ரெண்டு அறிவிப்பு சொன்னாப் போதுமா சார்? மெதுவா?" என்றான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பாமலே, "ரெண்டுதானே பாப்பா..." என்றான். கடையில் காற்று அடிக்கும்போதெல்லாம் அவன் அளவுகோலைக் கீழே வைப்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் அது போய்விடும்.

"நல்லாருக்கு," என்றாள் அண்ணி. "பதினஞ்சு நாள் எங்க வாயையெல்லாம் தச்சு வச்ச ஆளு பேசற பேச்சைப் பாருங்க."

மைக்கம்மா நோட்டை எடுத்தாள். நிதானமாக எழுதினாள். இருபத்தேழு வருஷத்தில் அவளாகவே எழுதிய முதல் விடுப்புக் கடிதம் அது. 'தொண்டை ஆறவில்லை. ஆறின பிறகுதான் பேசுவேன். டாக்டர் சொன்ன நாள் முடிந்து, அதற்குப் பிறகு ஒரு மாதம் பழகிவிட்டு வருகிறேன். அதுவரை அந்தப் பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கொடுங்கள்.'

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "அப்ப அந்த நாற்காலியைப் பத்தி நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

அவள் தலையசைத்தாள். அவர் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சீப்பை எடுத்து அவள் தலையைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். மைக்கம்மா அழுதாள். அதையும் ஓசையில்லாமல் அழ வேண்டியிருந்தது. அது மகா கஷ்டம்.

அதன் பிறகுதான் அவள் உண்மையாக ஓய்வெடுத்தாள் என்று சொல்ல வேண்டும். முதலில் அது அவளுக்கு வரவில்லை. பகலில் தூங்கியெழுந்தால் திருடிவிட்டு வந்தவள் போல முழித்தாள். பிறகு மெல்லப் பழகியது. இளஞ்சூட்டில் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு சன்னலருகே உட்காருவாள். பஞ்சு போன தலையணையை மாற்றினாள். கால் நகங்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வெட்டினாள். சோற்றை மென்று தின்றாள். மென்றால் அதற்கு ஒரு ருசி இருக்கிறது. நாலு வாய்த் தண்ணீரை நாலு வாயாகக் குடித்தாள். ஒருநாள் காலை பத்து மணிக்கு அவளுக்குத் தாகம் எடுத்தது. குடிக்க வேண்டும் என்று நோட்டில் இருந்ததற்காக இல்லை, நிஜமாகவே தொண்டை கேட்டது. அதை அவள் அண்ணிக்கு எழுதிக் காட்டினாள். "தாகம் எடுத்ததுக்கெல்லாமா கொண்டாட்டம்?" என்று கேட்டாலும் அண்ணி ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளராகக் கொண்டுவந்து வைத்தாள்.

அண்ணன் நோட்டை எழுதுவதை விடவில்லை. கைப்பழக்கம், போகாது. ஆனால் சாயங்காலம் வந்து நாளிதழைப் படித்துக் காட்டினான். நீளமான சொற்களில் தட்டித் தடுமாறுவான். அவள் விரலால் அந்த இடத்தைச் சுட்டிக் காட்டுவாள்.

குறித்த நாளில் டாக்டர் மறுபடி பார்த்தார். இந்த முறை கொஞ்சம் சிரித்தார். "ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம். சாதாரணமா, மெதுவா."

வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணி, நகரு, வெயில் மறைக்குது."

மூவரும் அப்படியே நின்றார்கள். அது அவள் குரல் இல்லை. ஒரு படி கீழே இறங்கி, அடியில் மணல் போட்ட மாதிரி இருந்தது. அவளுக்கே யாரோ பின்னாலிருந்து பேசியது போல இருந்தது. ஒன்றாம் தேதி போய் ஐந்து நாள் ஆகிவிட்டது. அந்தக் குரலும் போய்விட்டதா?

"நல்லாத்தான் இருக்கு," என்றான் அண்ணன் அவசர அவசரமாக.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் அண்ணி. "போன் பண்ணினா மாமனார் எடுத்த மாதிரி இருக்கு."

மைக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வாரத்தில் முதன்முறையாகச் சத்தத்தோடு வந்தது. கரகரவென்று, ஆனால் உடையாமல் வந்தது.

ஐந்து நிமிஷம் பத்தானது, பத்து இருபதானது. டாக்டர் சொல்லித்தந்தபடி மூக்கால் மெல்ல ரீங்கரித்தாள். வலித்தால் நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் என்று மனம் சொன்னாலும் நிறுத்தினாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. ஒரு மாதம் முடிந்து மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசிக் காட்டினாள். அவர் பன்னிரண்டாவது பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வந்தார்.

"தெளிவா இருக்கு. பழைய மாதிரி இல்ல. ஆனா தெளிவா இருக்கு," என்றார். "நாற்காலி இப்ப அந்தப் பொண்ணுதும்மா. காலையில ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் வேணா நீங்க. மத்ததுக்குப் பார்சல் அறை."

"மூணு மணி நேரம்," என்றாள் மைக்கம்மா. மனதில் ஒரு பெரிய வீட்டின் அறைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது போல இருந்தது. அது சரியாகும் வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "சரி சார். ஆனா மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் எழுந்து போவேன். அப்ப அந்தப் பொண்ணு உக்காரணும். அவ எழுந்து போறப்ப நான் வந்து உக்காருறேன்."

"எதுக்கும்மா?"

"தண்ணி குடிக்க. அப்புறம், குடிச்ச தண்ணிக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போக."

மேனேஜர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எழுதிக்கிறேன்," என்றார்.

முதல் நாள் காலை ஐம்பது நிமிஷம் சொன்னாள். ஒரு வண்டிகூடத் தவறவில்லை. அடித்தொண்டையில் லேசாக ஒரு வறட்சி தட்டியபோது மணி ஆறு ஐம்பது. மேஜையில் அடுத்த வண்டியின் சீட்டு இருந்தது. பதினேழின் இரண்டாவது நடை. கை மைக்கை நோக்கிப் போனது. போன கையை இழுத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "வாம்மா, உக்காரு" என்று நாற்காலியை விட்டாள்.

தண்ணீர் குடித்து, முகம் கழுவி, படிக்கு வந்தபோது அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவள் குரலைக் கேட்பதற்காகவே அன்று ஆறு மணிக்கே கடையைத் திறந்திருந்தவன், கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன ஆச்சு பாப்பா? திடீர்னு வேற குரல் கேட்டுச்சு! தொண்டை மறுபடியும்..."

"ஒண்ணும் ஆகலண்ணா. தண்ணி குடிக்கப் போனேன்."

"இப்பவேயா? ஏழு மணிகூட ஆகலியே."

"அதுக்கு நான் என்ன பண்ண? இப்பதான் தாகம் எடுத்துச்சு."

அவன் மூச்சு வாங்க நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?"

"நாலு."

"அப்ப நின்னுக்கிட்டு ஏன் இருக்கே? உக்காரு," என்றான். அவள் படியில் உட்கார்ந்தாள். அவனும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தான். பதினேழு, அந்தப் பெண்ணின் குரலில், ஒன்பதாவது பிளாட்பாரத்திலிருந்து புறப்பட்டுப் போனது.